நம்ம தெருவுல இலையுதிர் காலம்: ஒரு பாதாம் மரத்தை ஆறு வாரம் வரைஞ்ச கதை

(ஆடியோ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுல வாட்டர்கலர் பத்தி பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த வாய்ஸ் நோட்ல ஒண்ணு என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. கேட்டவங்க சொன்னது இதுதான்: "யூடியூப்ல பார்க்கிற மரம் எல்லாம் ஆரஞ்சு, சிவப்புன்னு இருக்கு. நான் சென்னையில இருக்கேன். இங்க வருஷம் முழுக்க பச்சைதான். நான் எதைப் பார்த்து வரையறது?"

இதே கேள்வியோட மூணு வருஷம் இருந்தவன் நான். அந்த மூணு வருஷமும் என்ன பண்ணேன் தெரியுமா? மேப்பிள் மரம் வரைஞ்சேன். வாழ்க்கையில ஒரு தடவைகூட நேர்ல பார்க்காத மரம். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அவங்க எங்க புள்ளி வைக்கறாங்களோ அங்கேயே நானும் புள்ளி வச்சேன். நல்லாத்தான் வந்துது. ஒண்ணை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டினேன். வாடகை கணக்கு பேச மேல வந்த ஹவுஸ் ஓனரோட அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏன் தம்பி, மரம் தீப்பிடிச்சு எரியுதா?"ன்னு கேட்டாங்க.

சிரிப்பு வந்துது. ஆனா பாட்டி சொன்னது சரிதான். நான் வரைஞ்சது மரம் இல்ல, ஆரஞ்சு கலர் புகை.

அதனால இன்னைக்கு எபிசோடு இதைப் பத்திதான். நம்ம ஊர்ல இலையுதிர் காலம் இருக்கா, இருந்தா எப்போ, எந்த மரத்துல, அதை வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே எப்படி வரையறது. நடுவுல ஒரு சண்டையும் வரும்.

முதல்ல "எப்போ" அப்படிங்கறதைப் பார்த்துடலாம். தமிழ்ல ஆறு பருவம்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதுல இலை உதிர்றதை வச்சு பேர் வாங்கின பருவம் ஒண்ணுகூட இல்ல, கவனிச்சீங்களா? மழை, குளிர், பனி, வெயில், அவ்வளவுதான். "இலையுதிர் காலம்"ங்கறதே பெரும்பாலும் நாம மொழிபெயர்ப்புல பழகின சொல். அதனால அக்டோபர்ல ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா ஏமாற்றம்தான் மிஞ்சும். அக்டோபர் நமக்கு மழைக்காலம். மரமெல்லாம் அப்போதான் கழுவி விட்ட மாதிரி பளபளன்னு இருக்கும்.

குளிர் நாடுகள்ல மரத்துக்கு சிக்னல் கொடுக்கிறது ரெண்டு விஷயம்: பகல் நேரம் குறையறது, குளிர் ஏறுறது. இங்க பகல் நேரம் அவ்வளவா மாறாது, குளிரும் பெருசா கிடையாது. நம்ம மரங்களோட கணக்கு தண்ணிக் கணக்கு. சென்னைக்கு வருஷத்து மழையில பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள வந்துடும். ஜனவரியில மண்ணுல இன்னும் ஈரம் இருக்கும். அதுக்கப்புறம் மாசக்கணக்கா பெருசா மழை கிடையாது, வெயில் வேற ஏறிக்கிட்டே போகும். இலைங்கறது தண்ணியை ஆவியா வெளிய விட்டுக்கிட்டே இருக்கிற ஒரு ஜன்னல் மாதிரி. வரவு குறையும்போது பழைய ஜன்னலை எல்லாம் மூடிடறதுதான் புத்திசாலித்தனம். அதனால தை கடைசியில ஆரம்பிச்சு மாசி, பங்குனி வரைக்கும் நம்ம ஊர் மரங்கள் ஒவ்வொண்ணா இலையைக் கொட்டும்.

"ஒவ்வொண்ணா"ங்கறதுதான் முக்கியம். கனடா போட்டோவுல ஒரு மலையே ஒண்ணா சிவந்து நிக்கும். இங்க அப்படி நடக்காது. ஒரே தெருவுல வேம்பு மஞ்சள் இலையைக் கொட்டிக்கிட்டு இருக்கும்போது, எதிர்ல இருக்கிற மாமரம் ஒண்ணும் தெரியாத மாதிரி பச்சையா நிக்கும். அதனாலதான் நம்ம கண்ணுக்கு இது ஒரு காலமாவே தெரியறதில்லை. காலையில பெருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எந்தெந்த மரத்தைப் பார்க்கலாம்னு சுருக்கமா சொல்றேன். வேம்பு மஞ்சளாகிக் கொட்டும். உடனே செம்பு நிறத்துல தளிர் வரும், சித்திரைக்குப் பூத்துடும். புங்கை கொட்டி முடிச்சதும் வர்ற இளம்பச்சைத் தளிர் இருக்கே, வெயில்ல பார்த்தா லைட் போட்ட மாதிரி இருக்கும். அரசு இலையை உதிர்த்துட்டு, இளஞ்சிவப்பும் செம்பும் கலந்த தளிரோட நிக்கும்போது காத்துல மரமே நடுங்கும். பூமருது உதிர்றதுக்கு முன்னாடி செம்பு, ஆரஞ்சுன்னு போகும். முள்ளிலவு இலையே இல்லாம வெறும் சிவப்புப் பூவோட நிக்கும். இப்படி நிறைய இருக்கு. ஆனா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒரே ஒரு மரம்தான். பாதாம் மரம்.

நாட்டு வாதுமைன்னு சொல்றது இதைத்தான். கடையில வாங்கற பாதாம் வேற, அது வேற மரம். இது கடற்கரை ஓரத்து மரம். காய் தண்ணியில மிதந்தே ஒரு கரையில இருந்து இன்னொரு கரைக்குப் போய் முளைக்கும். சின்ன வயசுல காயைக் கல்லால உடைச்சு உள்ள இருக்கிற பருப்பைத் தின்னிருப்பீங்க. மீன் தொட்டி வச்சிருக்கிறவங்க சண்டை மீனுக்குக் காஞ்ச இலையை வாங்கிப் போடுவாங்க, அதுவும் இந்த மரத்து இலைதான். நம்ம ஊர்ல சிவக்கிற மரம்னா இதுதான் சிவக்கும். அதுவும் லேசா இல்ல. ஒரே கிளையில பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு, மெரூன் எல்லாம் ஒண்ணா இருக்கும்.

இந்த நிறம் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பெயிண்ட் பண்றதே மாறிடும். அதனால ரெண்டு நிமிஷம் சயின்ஸ். இலை பச்சையா இருக்கக் காரணம் குளோரோஃபில். இலையைக் கைவிடப் போறோம்னு மரம் முடிவு பண்ணதும், முதல்ல அதுல இருக்கிற சத்தைத் திரும்ப உள்ள இழுத்துக்கும், முக்கியமா நைட்ரஜனை. வீடு காலி பண்ணும்போது ஃபேன், டியூப் லைட் எல்லாம் கழட்டி எடுத்துக்கிட்டுப் போற மாதிரி. அப்போ குளோரோஃபில் உடையுது, பச்சை போயிடுது. ஏற்கனவே உள்ள ஒளிஞ்சிருந்த மஞ்சள் வெளிய தெரியுது. அது கரோட்டினாய்டு. ஆனா சிவப்பு அப்படி இல்ல. சிவப்பை அந்தக் கடைசி நேரத்துல இலை புதுசா தயாரிக்குது. அதுக்குப் பேர் ஆந்தோசயனின். சாகப் போற இலைக்கு எதுக்கு புது பெயிண்ட்னு கேட்டா, சத்தை உள்ள இழுக்கிற நேரத்துல வெயில் அடிச்சு இலை கெட்டுப் போகாம இருக்க ஒரு சன்ஸ்கிரீன் மாதிரின்னு ஒரு விளக்கம் இருக்கு. இதுல ஆராய்ச்சியாளர்கள் நடுவுல இன்னும் வாதம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கடைசியா காம்பு கிளையோட சேர்ற இடத்துல ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி, அந்த இணைப்பு விட்டுப் போகும். காத்தே வேண்டாம், சில நேரம் சும்மாவே "டப்"னு விழும். பாதாம் இலை பெருசு, தடிமன். விழற சத்தம் கேட்கும்.

ஓவியத்துக்கு இதுல என்ன இருக்குன்னா, மஞ்சள் அடியில இருக்கு, சிவப்பு மேல வருது. பெயிண்ட்லயும் அதே வரிசைதான். இதுக்குத் திரும்ப வர்றேன்.

எங்க வீடு மேற்கு மாம்பலத்துல, ரெண்டாவது மாடி. காம்பவுண்டுக்குள்ள, சுவரை ஒட்டி ஒரு பாதாம் மரம். பாதிக் கிளை உள்ள, ஓனர் கார் மேல. பாதிக் கிளை வெளிய, தெரு மேல. அந்தத் தெரு நிழல்லதான் இஸ்திரி வண்டி அண்ணன் கடை போட்டிருக்கார். ரெண்டு வருஷம் அந்த வீட்ல இருந்திருக்கேன், அவர்கிட்ட சட்டை கொடுத்திருக்கேன், மரத்தை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. மேப்பிள் வரையறதுல பிஸி.

இந்த வருஷம் ஜனவரி 28 அன்னிக்குக் காலையில, அயர்ன் பண்ண சட்டைகளுக்கு நடுவுல ஒரு சிவப்பு இலை வச்சிருந்தார் அண்ணன். "எதுக்குண்ணா இது?"ன்னு கேட்டேன். "மேல விழுந்துச்சு, அழகா இருக்கேன்னு வச்சேன்"னார். நிமிர்ந்து பார்த்தேன். பச்சை மரத்துல அங்கங்க ஒரு நாலஞ்சு சிவப்பு. அன்னிக்கு சாயங்காலம் ஏ5 நோட்டு ஒண்ணு எடுத்து, மேல தேதி போட்டு ஆரம்பிச்சேன்.

மெட்டீரியல் பத்தி நிறைய பேர் கேப்பீங்க, வேகமா சொல்லிடறேன். ஒரு ஹெச்பி பென்சில், ஒரு கறுப்பு பேனா, ஸ்டூடன்ட் தர வாட்டர்கலர் பெட்டி, 8-ம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒண்ணு. பேப்பர்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, 300 ஜிஎஸ்எம் வாங்குங்க. மெல்லிசு பேப்பர் தண்ணி பட்டதும் அப்பளம் மாதிரி நெளிஞ்சுடும். அவ்வளவுதான், கடைக்காரர் வேற எதைக் காட்டினாலும் வேண்டாம்னு சொல்லுங்க.

முதல் வாரம் நான் பண்ண தப்பு எல்லாரும் பண்ற தப்புதான். நடுவுல ஒரு குச்சி, மேல ஒரு மேகம். குழந்தையா இருந்தப்போ கத்துக்கிட்ட மரம் கையை விட்டுப் போகவே போகாது. பாதாம் மரம் அப்படி இல்லவே இல்ல. அது அடுக்கு அடுக்கா வளரும். தண்டு நேரா போகும், ஒரு உயரத்துல சுத்திலும் கிளைகள் படுக்கைவசமா விரியும். அப்புறம் கொஞ்சம் வெறும் தண்டு, அதுக்கு மேல இன்னொரு அடுக்கு. கோயில்ல காட்டற அடுக்கு தீபம் ஞாபகம் இருக்கா? கீழ் அடுக்கு அகலம், மேல போகப் போகச் சின்னது. அதே உருவம்தான்.

கிளையும் நேர்க்கோடு இல்ல. பக்கவாட்டுல கொஞ்ச தூரம் போகும், நுனி லேசா மேல வளைஞ்சு அங்க ஒரு இலைக் கொத்து வைக்கும். அந்த வளைவுக்கு அடியில இருந்து அடுத்த துண்டு கிளம்பி இன்னும் கொஞ்ச தூரம் போகும், அதுவும் மேல வளையும். அதனால கிளையைப் பக்கத்துல இருந்து பார்த்தா ஒரு சின்னப் படிக்கட்டு மாதிரி தெரியும். இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு ஒரே சந்தோஷம். ஏன்னா இலை எல்லாம் அந்தப் படி நுனியில மட்டும்தான். கிளை நெடுகக் கிடையாது. இந்த மரத்தோட தாவரப் பேர் டெர்மினாலியா கட்டாப்பா. "டெர்மினாலியா"ன்னு வந்ததே இலைகள் நுனியில கொத்தா இருக்கிறதாலதான்.

அப்போ வரையற முறை எப்படி? நான் தினமும் பண்ணது இப்படித்தான். முதல் ரெண்டு நிமிஷம் தண்டு ஒரு கோடு, அடுக்குக்கு ஒரு படுக்கைக் கோடு. அடுத்தது, கண்ணைப் பாதி மூடிப் பார்க்கறது. பாதி மூடினா இலை எல்லாம் காணாமப் போய், இருட்டு எங்க, வெளிச்சம் எங்கன்னு மட்டும் தெரியும். அதுக்கப்புறம், இதுதான் பெரிய விஷயம், மரத்தை விட்டுட்டு அடுக்குக்கு நடுவுல தெரியற வானத்தை வரையறது. அந்த ஓட்டைகளோட வடிவத்தை. மூளைக்கு "இலை எப்படி இருக்கும்"னு ஒரு முன்முடிவு இருக்கு. "வான ஓட்டை எப்படி இருக்கும்"னு எதுவும் கிடையாது, அதனால கண் பார்க்கிறதைக் கை அப்படியே போடும். கடைசியா, கண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரே ஒரு கொத்துல அஞ்சாறு இலையை மட்டும் ஒழுங்கா வரையணும். மிச்சம் எல்லாம் கறை. பார்க்கறவங்க மனசு மீதி இலையைத் தானா போட்டுக்கும்.

இப்போ நிறம். நான் முதல்ல டியூப்ல இருந்து வந்த வெர்மிலியனை அப்படியே எடுத்துப் பூசினேன். பிளாஸ்டிக் பூ மாதிரி இருந்துது. அப்புறம் கீழ விழுந்த இலை ஒண்ணை எடுத்து மேஜை மேல வச்சு, அதைப் பேப்பர்ல வச்சே சுத்தி கோடு போட்டு, உள்ள பெயிண்ட் பண்ணிப் பார்த்தேன். எங்க ரூம்மேட் வந்து "என்னடா, இன்னைக்கு இந்த இலையிலயா சாப்பாடு?"ன்னான். அந்த இலை ஸ்டடி பண்ணினதுல நிறைய தெரிஞ்சுது. இலை முழுக்க சிவந்தாலும் நரம்புகள் மஞ்சளாவோ வெளிர் பச்சையாவோ நிக்குது. நடுவுல கடைசிப் பச்சை ஒரு திட்டா இருக்கும். ஓரம் முதல்ல பழுப்பாகும்.

அதனால முறை இது. முதல்ல இலை முழுக்க கம்போஜ் மஞ்சள், நல்லா தண்ணி விட்டு. முழுசா காயணும். பொறுமை இல்லேன்னா மஞ்சளும் சிவப்பும் கலந்து வெறும் ஆரஞ்சா போயிடும். காஞ்சதும் மேல கிரிம்சன், நரம்பு இருக்கிற இடத்தை விட்டு விட்டு. அடியில இருக்கிற மஞ்சள் அதுக்குள்ள இருந்து எட்டிப் பார்க்கும். நிழல் பக்கத்துக்குக் கறுப்பு தொடாதீங்க. கிரிம்சனோட துளி சாப் கிரீன் கலந்தா அந்த மெரூன் கிடைச்சுடும். சிவப்பும் பச்சையும் ஒண்ணை ஒண்ணு அடக்கும். தண்டுக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும். ரெண்டும் சேர்ந்தா ஒரு அழகான சாம்பல். நீலம் கூடினா குளிர்ச்சியா, பழுப்பு கூடினா சூடா, வெயிலுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்.

இன்னொண்ணு. ஒரே இலை மேல இருந்து பார்த்தா ஒரு நிறம், கீழ இருந்து பார்த்தா வேற நிறம். எங்க பால்கனியில இருந்து பார்க்கும்போது வெயில் இலை மேல பட்டுத் திரும்பி வருது, ஆழமான மெரூன். அதே இலையைக் கீழ இஸ்திரி வண்டி பக்கத்துல நின்னு பார்த்தா வெயில் அதை ஊடுருவி வருது, சிவப்பு விளக்கு எரியற மாதிரி இருக்கும். காலையில ஏழரை, எட்டு மணிக்குள்ள பாருங்க. பத்து மணிக்கு மேல எல்லாம் தட்டையாயிடும்.

தெருவுல நின்னு வரையறது வெட்கமா இருக்கும்னு நிறைய பேர் சொல்லுவீங்க. எனக்கும்தான். முதல் நாள் பால் பாக்கெட் வாங்கப் போன மூணு பேர் பின்னாடி நின்னு பார்த்தாங்க. ஒருத்தர் "சர்வேயா சார்?"ன்னு கேட்டார். அஞ்சாவது நாள்ல இருந்து யாரும் கண்டுக்கல.

இஸ்திரி அண்ணன் மட்டும் தினமும் நோட்டை வாங்கிப் பார்ப்பார். ஒரு நாள் அவர் சொன்னார், "எல்லாம் சரியாத்தான் இருக்கு. என் வண்டி எங்க?" அப்போதான் உறைச்சுது. பத்துப் படம் வரைஞ்சிருக்கேன், ஒண்ணுலகூட வண்டி இல்ல. மரத்துக்குக் கீழ கரிப்பெட்டி, துணி மூட்டை, தொங்கற கேபிள் ஒயர், ஓனரோட கார், எல்லாத்தையும் நான் துடைச்சு எடுத்துட்டேன். ஏன்னா வீடியோவுல வர்ற இலையுதிர் மரத்துக்குக் கீழ அதெல்லாம் இருக்காது. மேப்பிளை விட்டாலும் மேப்பிள் படத்தை விடலை நான்.

அடுத்த நாள் வண்டியோட வரைஞ்சேன். படம் திடீர்னு ஒரு ஊர்ல போய் நின்னுது. வண்டியோட நீலத் தார்ப்பாய் பக்கத்துல அந்தச் சிவப்பு எப்படி எடுத்துக் கொடுத்துது தெரியுமா?

பிப்ரவரி 17, மரம் உச்சத்துல இருந்த நாள். அன்னிக்கே சண்டையும் வந்துது. ஓனர் கீழ நின்னு ஒருத்தர்கிட்ட மரத்தைக் காட்டி ரேட் பேசிக்கிட்டு இருக்கார். முழு மரத்தையும் எடுக்க. இலை கார் மேல விழுது, சன்ஷேடுல அடைச்சு மழைத்தண்ணிக் குழாய் அடைபடுது, பெருக்கறவங்க மாசம் கூடக் கேக்கறாங்க. அவர் சொன்ன காரணம் எதுவும் பொய் இல்ல. அவர் கெட்டவரும் இல்ல. அண்ணன் வண்டிக்குப் பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப தேய்ச்சுக்கிட்டு இருந்தார். மரம் போனா அவருக்கு மார்ச்ல இருந்து நிழல் கிடையாது. அந்த வெயில்ல, கரிப்பெட்டியோட.

நான் வாடகைக்கு இருக்கிறவன், என்ன பேச முடியும்? "சார், ஒரு நிமிஷம்"னு மேல ஓடிப்போய் நோட்டை எடுத்துட்டு வந்தேன். மரம் ஆக்சிஜன் கொடுக்குதுன்னு ஆரம்பிச்சா அவர் காதுல ஏறாதுன்னு தெரியும். தேதியைக் காட்டினேன். "ஜனவரி 28 பாருங்க சார், அஞ்சு இலை. பிப்ரவரி 8, கால்வாசி. இன்னைக்கு இது. இன்னும் ரெண்டு வாரத்துல முழுசா கொட்டிடும். அப்புறம் புது இலை வந்துடும்." அவர் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா திருப்பினார். "இது என் காரா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "நம்பர் பிளேட்டும் போட்டிருக்கலாம்"னார். கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்போ வருஷத்துல ஒரு மாசம்தான் இந்தத் தொல்லையா?"ன்னார். மழைக்கு முன்னாடியும் கொஞ்சம் கொட்டும்னு உண்மையைச் சொன்னேன். சொல்லாம விட்டிருக்கலாம்னு இப்பவும் ஒரு சின்ன எண்ணம் உண்டு.

முடிவு என்ன ஆச்சுன்னா, முழு மரம் போகலை. கார் பக்கத்துக் கீழ் அடுக்கை மட்டும் வெட்டினாங்க. தெருப் பக்கம் தப்பிச்சுது. சந்தோஷம்தான். ஆனா நான் பால்கனியில இருந்து மூணு வாரமா வரைஞ்ச, படி படியா போற அந்தக் கிளை அந்தப் பக்கத்துலதான் இருந்துது. ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்தப்போ அந்த இடத்துல வானம்தான் இருந்துது. வான ஓட்டையை வரையுங்கன்னு சொன்னேன் இல்லையா, அன்னிக்கு அந்த ஓட்டையை என்னால வரைய முடியலை. ரெண்டு நாள் நோட்டையே தொடலை.

இந்த இடத்துல ரெண்டு ஓவியர்களைச் சொல்லிடறேன், கூகுள் பண்ணிப் பாருங்க. ஒருத்தர் பீட் மோந்திரியான். நேர்க்கோடு, சதுரம், சிவப்பு, நீலம், மஞ்சள்னு டிசைன் மாதிரி போடுவாரே, அவர்தான். அதுக்கு முன்னாடி அவர் மரம் வரைஞ்சுக்கிட்டு இருந்தார். 1908-லிருந்து 1910-க்குள்ள வரைஞ்ச சிவப்பு மரம், 1911-ல சாம்பல் மரம், 1912-ல பூத்த ஆப்பிள் மரம். மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல்ல நீலப் பின்னணியில முறுக்கிக்கிட்டு நிக்கிற ஒரு நிஜ மரம். கடைசியில வெறும் வளைவுகள். அந்தச் சதுரங்களுக்கு அவர் மரக்கிளை வழியா நடந்துதான் போனார்.

இன்னொருத்தர் டேவிட் ஹாக்னி. கலிஃபோர்னியா நீச்சல் குளங்களை வரைஞ்சு பேர் வாங்கினவர், அப்புறம் தான் பிறந்த யார்க்ஷயருக்கே திரும்பி வந்து சாதாரண சாலையோர மரங்களை வரைஞ்சார். 2007-ல 50 கேன்வாஸை ஒண்ணா சேர்த்து, சுமார் 12 மீட்டர் அகலத்துக்கு ஒரு படம் போட்டார். அதுல இருக்கிறது என்ன? பெரும்பாலும் இலை இல்லாத மரங்கள். சுற்றுலாப் பயணி யாரும் வண்டியை நிறுத்திப் பார்க்காத இடம்.

சரி, எங்க மரத்துக்கு வருவோம். மார்ச் 2, மொட்டை. ஒரு வாரம்கூட அப்படி நிக்கலை. மொட்டையா நிக்கும்போதுதான் பேனா ஸ்கெட்ச் பண்ணணும், தவற விடாதீங்க. அந்தப் படிக்கட்டு அமைப்பு முழுசா தெரியற ஒரே வாரம் அதுதான். அந்த வாரம் அண்ணன் வண்டிக்கு மேல குடை கட்டியிருந்தார், அதையும் போட்டேன். அப்புறம் ஒவ்வொரு படி நுனியிலயும் மெழுகுவர்த்தித் திரி மாதிரி மொட்டு நிமிர்ந்து நின்னுது. மார்ச் 14-ல மரம் முழுக்க இளம்பச்சை, தெருவுல மறுபடி நிழல். நோட்டுல கணக்குப் பார்த்தா ஆறு வாரத்துல 31 படம். அதுல உருப்படியானது நாலுதான்.

நீங்க ஆரம்பிக்கணும்னா தை மாசத்துலயே மரத்தைத் தேர்ந்தெடுத்து வச்சுக்கோங்க. வீட்ல இருந்து ரெண்டு நிமிஷ நடைக்குள்ள இருக்கணும். தூரமா இருந்தா மூணாவது நாள் போக மாட்டீங்க, என்னை நம்புங்க. பூங்கா மரத்தைவிட பஸ் ஸ்டாப் மரம் நல்லது, எப்படியும் அங்க நிக்கத்தானே போறீங்க. ஒவ்வொரு படத்துலயும் தேதியும் நேரமும் போடுங்க. விழுந்த இலையை ஈரத் துணியில சுத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு நாள் நிறம் தாங்கும், வீட்ல திட்டு வாங்க நீங்க தயாரா இருந்தா.

மேப்பிள் படத்தை ஹால்ல இருந்து எடுத்துட்டேன். அந்த ஃப்ரேம்ல இப்போ நீலத் தார்ப்பாயும் இஸ்திரி வண்டியும் சிவப்பு மரமும் இருக்கு. அதோட ஒரு பிரிண்ட் அண்ணன் வண்டியில ஒட்டியிருக்கார். ஓனர் அவரோட காரும் நம்பர் பிளேட்டும் வர்ற மாதிரி தனியா ஒண்ணு கேட்டிருக்கார், இன்னும் முடிக்கலை. வெட்டின இடத்துல போன வாரம் பார்த்தேன். தண்டுல வெட்டுக்குக் கொஞ்சம் கீழ, விரல் நீளத்துக்கு ரெண்டு துளிர் வந்திருக்கு. இன்னைக்கு சாயங்காலம் அதைத்தான் வரையப் போறேன்.